மழைக்குக் கணக்குப் பார்த்த மனிதர்

(இரண்டாமாண்டு, எந்திரவியல்)

 

மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவைச் செயலாளர் ஒரு மாதமாக விரட்டிக்கொண்டே இருந்தார். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுத அனுபவம் போதாது! எனவே ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறேன். காமராஜரையும் கலாமையும் போன மலர்களில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஒரு வெள்ளைக்காரர். சர் கில்பர்ட் வாக்கர். 1958-ல் காலமானவர். உலகத்து வானிலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர், நம்ம அருப்புக்கோட்டைப் பக்கம் யாருக்கும் தெரியாத பெயர். ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி நேராக வந்து எங்கள் வீட்டுச் சுவரில் முட்டியது. முதலில் அந்தச் சுவரைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. கண்மாய் உண்டு, தண்ணீர் எப்போதாவது உண்டு. சீமைக்கருவேல் மட்டும் எப்போதும் உண்டு. மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்தால் பருத்தியும் சோளமும் வீடு வரும். இல்லாவிட்டால் அப்பா கரிமூட்டத்துக்கும் அம்மா நூறு நாள் வேலைக்கும் போவார்கள். வீட்டு முற்றத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. பங்குனி, சித்திரையில் அது கொத்துக் கொத்தாகப் பூத்தால் அந்த வருஷம் ஐப்பசி மழை தப்பாது என்பது தாத்தாவின் கணக்கு. அப்படிப் பலித்த வருஷத்துக்கெல்லாம் திண்ணைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். மொத்தம் 9 கோடு.

2016-ல் வேம்பு நன்றாகப் பூத்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. அப்பா அந்தச் சுவரை நம்பினார். அம்மாவின் தோட்டை அடகு வைத்து, புரட்டாசியிலேயே புழுதி விதைப்பாகப் பருத்தி போட்டார். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். தோடு திரும்பி வரவே இல்லை. தாத்தா சுவரில் ஒன்றும் எழுதவில்லை. பலிக்காத வருஷத்துக்குக் கோடு கிடையாதே!

இனி வாக்கருக்கு வருவோம். போன டிசம்பர் 22, தேசியக் கணித நாளுக்கு ராமானுஜனைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நூலகத்தில் புரட்டியபோதுதான் இவர் அகப்பட்டார். ராமானுஜன் அப்போது சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த ஒரு வானிலை அதிகாரியிடம் துறைமுகத் தலைவர் அவருடைய நோட்டுக் கணக்குகளைக் காட்டினார். அந்த அதிகாரி பார்த்துவிட்டு, இந்தப் பையனைப் பல்கலைக்கழகம் ஆதரிக்க வேண்டும் என்று உடனே பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை இரண்டு வருஷத்துக்குக் கிடைத்தது. கடிதம் எழுதியவர்தான் வாக்கர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். சான்றிதழைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்த ஒரு ஆபீசர் என்றதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மழை ஆபீசருக்குக் கணக்கு நோட்டைப் பார்த்துப் புரிந்தது எப்படி என்று தேடினேன். கதை நீண்டது.

வாக்கர் பிறந்தது 1868 ஜூன் 14. ஊர், இங்கிலாந்தின் லங்காஷயரில் ராச்டேல். பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன ஊர், நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அவருடைய அப்பா நம்ம இனம்தான், பொறியாளர்! கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்து 1889-ல் முதல் மாணவராகத் தேறினார். ஓவராகப் படித்ததில் உடம்பு கெட்டு, மூன்று குளிர்காலம் சுவிட்சர்லாந்தில் போய்க் கிடந்தார். (விடுதி நண்பர்கள் கவனிக்க.) விளையாட்டுப் புத்தியும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்கை, அதாவது எறிந்தால் திரும்பி வருகிற வளைதடியை, கல்லூரிக்குப் பின்னால் எறிந்து எறிந்து பழகி, பூமராங் வாக்கர் என்றே பெயர் வாங்கினார். அது ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு 1897-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரையும் வெளியிட்டார். புல்லாங்குழல் வாசிப்பார், அதன் அமைப்பையும் ஆராய்ந்தார். பருந்து இறக்கை அடிக்காமல் மிதப்பதைப் பார்த்துவிட்டு அதையும் எழுதினார்.

வானிலையில் மட்டும் ஒரு வரிகூடப் படித்ததில்லை! ஆனால் 1904-ல் இந்தியா முழுமைக்கும் வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராக சிம்லாவில் அமர்ந்தார். காரணம் இருந்தது. அவருக்கு முன் இருந்த ஜான் எலியட் காலத்தில், 1899-ல், நாடு கண்ட பெரும் வறட்சியை முன்னறிவிப்பு கோட்டைவிட்டது. ஜனங்கள் செத்தார்கள், ஆபீஸ் பேர் கெட்டது. வானத்தைப் பார்த்து வர்ணிக்கிறவரைவிடக் கணக்குத் தெரிந்த ஒருவர் தேவை என்று நினைத்திருப்பார்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது மேஜை மேல் ஒரு பழைய நம்பிக்கை காத்திருந்தது. சூரியப் புள்ளி. அது நம்ம நாட்டுக் கதைதான்.

சூரியனின் முகத்தில் கருப்பாகச் சில புள்ளிகள் தோன்றும், மறையும். அவற்றின் எண்ணிக்கை ஏறி இறங்குவதற்குச் சுமார் 11 வருஷம் ஆகிறது. 1843-ல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் இதைக் கண்டு சொன்னார். சூரியன் மாறினால் பூமியில் எதுவும் மாறாமல் இருக்குமா? நியாயமான கேள்வி. 1872-ல் மொரீஷியஸ் தீவில் சார்லஸ் மெல்ட்ரம் என்பவர், புள்ளி அதிகமான வருஷங்களில் இந்தியப் பெருங்கடலில் புயலும் அதிகம் என்று கணக்குக் காட்டினார். அப்புறம்தான் 1876. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துத் தாது வருஷப் பஞ்சம். 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுருட்டிப் போட்ட பஞ்சம். இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிழவிகள் சோற்றைச் சிந்தினால் தாது வருஷத்தைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1877-ல், வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் 64 வருஷ மழைக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, புள்ளி குறைந்த காலத்தில் மழையும் குறைகிறது, தென்னிந்தியப் பஞ்சத்துக்கு 11 வருஷச் சுற்று இருக்கிறது என்று எழுதினார். நார்மன் லாக்யர் என்ற பெரிய விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்துகொண்டார். சூரியனைத் தினமும் கவனித்தால் பருவமழை பிடிபடும் என்ற எண்ணம் பரவியது. 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்ததற்கு அந்தப் பஞ்சமும் அந்த நம்பிக்கையும் முக்கியக் காரணங்கள். டூர் போனபோது நாம் போட்டோ எடுத்துக்கொண்ட அதே இடம்தான்!

யோசித்துப் பாருங்க. எவ்வளவு ஆசை காட்டுகிற கணக்கு! உண்மையாக இருந்தால் பஞ்சம் வரும் வருஷத்தை நாலைந்து வருஷம் முன்னதாகவே சொல்லிவிடலாம். லட்சக்கணக்கான உயிர். வாக்கர் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தால் கைதட்டத்தான் ஆள் இருந்திருக்கும். கொடைக்கானலும் அவருடைய நிர்வாகத்தில்தான் இருந்தது.

அவர் என்ன செய்தார்? ஒட்டுறவுக் கெழு என்று ஒன்று உண்டு. இரண்டு விஷயங்களின் வருஷக் கணக்கைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்று பார்க்கிற எண். சேர்ந்தே ஏறி இறங்கினால் +1. ஒன்று ஏற ஒன்று இறங்கினால் –1. சம்பந்தமே இல்லாவிட்டால் 0 பக்கம் நிற்கும். அப்போது அது புதுச் சரக்கு. கால்குலேட்டர் கிடையாது. சிம்லா ஆபீசின் இந்தியக் குமாஸ்தாக்கள் கையாலேயே பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உலகத்தின் பல ஊர்களின் மழை, வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் சூரியப் புள்ளியோடு ஒப்பிட்டு 1915-ல் வாக்கர் அறிக்கைகள் வெளியிட்டார். சில ஊர்களில் ஏதோ தெரிந்தது. ஆனால் எண்கள் மிகச் சிறியவை. இந்திய மழையை முன்கூட்டிச் சொல்ல அது உதவாது என்று முடிவு சொன்னார். கெழு 0.3 என்று வைத்துக்கொண்டாலும் அதன் வர்க்கம் 0.09. அதாவது மழையின் ஏற்ற இறக்கத்தில் 9 சதவீதத்தைத்தான் அது விளக்கும். மீதி 91-ஐ வைத்து எந்த விவசாயி விதைப்பான்?

எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது, அதற்கு ஒரு வருஷம் முன்னே 1914-ல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை. தன் கணக்கையே தான் சந்தேகப்பட்ட கட்டுரை. நூறு ஊர், நூறு காரணிகளை வைத்துக் கெழுவாகப் போட்டுக்கொண்டே போனால், எங்காவது ஒன்று பெரிய எண்ணாக வந்தே தீரும். அது வெறும் தற்செயலாக இருக்கலாம். ஆகவே பெரிய எண்ணைப் பார்த்ததும் துள்ளக்கூடாது, எத்தனை தடவை முயற்சி செய்து இதைப் பிடித்தோம் என்று முதலில் எண்ண வேண்டும். முயற்சி கூடக் கூட, நம்புவதற்கான அளவுகோலையும் உயர்த்த வேண்டும் என்று கணக்கோடு காட்டினார்.

புரியவில்லையா? எங்கள் வகுப்பில் 60 பேர். ஆளுக்கு ஒரு நாணயத்தை 6 தடவை சுண்டட்டும். யாராவது ஒருத்தனுக்காவது ஆறும் தலையாக விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல், சுமார் 61 சதவீதம். (போட்டுப் பார்த்தோம், மெஷின் டிராயிங் வகுப்பில். இரண்டு பேருக்கு விழுந்தது. ஆசிரியர் மன்னிக்க.) அந்த ஒருத்தனை மட்டும் மேடையில் ஏற்றி, தம்பி கையில் என்ன ராசி என்று கேட்டால் அவனும் ஒரு காரணம் சொல்லத்தான் செய்வான். மற்ற 59 பேரை எண்ணினால்தான் விஷயம் வெளிச்சமாகும். ஹண்டரின் கணக்கிலும் இப்படி ஒரு ஓட்டை உண்டு. 64 வருஷம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. 11-ஆல் வகுத்தால் ஆறு சுற்றுகூட முழுசாக இல்லை. ஆறு தடவை சுண்டிய நாணயம்தான் அதுவும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கெழு பெரிதாகவே வரட்டும், நிஜமாகவே இரண்டும் சேர்ந்தே வரட்டும். அதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா? ஆடி மாதம் கல்யாணம் இல்லை, ஆடியில் காற்றும் அடிக்கிறது. வருஷம் தவறாத சேர்க்கை. கல்யாணம் நடக்காததால்தான் அம்மி பறக்கக் காற்றடிக்கிறது என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் வேப்பம்பூ என்றால் நம்புகிறோம், சூரியப் புள்ளி என்றால் சூட்டுக்கோட்டு போட்டவரும் நம்புகிறார்.

காரணம் என்றால் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? 1989 மார்ச் 13. சூரியனில் இருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியது. நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் தூண்டப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருளில் கிடந்தது. மின்னியல் துறை நண்பர்கள் இதை ஃபாரடேயில் ஆரம்பித்து ஃப்யூஸ் வரைக்கும் படிப்படியாக விளக்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் கால் வைக்க இடம் இருக்கிறது. புயல் மழைக்கு அப்படிப் படி இல்லை. 11 வருஷச் சுற்றில் சூரியன் தரும் மொத்தச் சக்தி சுமார் 0.1 சதவீதம்தான் மாறுகிறது. இதற்காக ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2008-ல் ஃப்ளோரிடாவின் எல்ஸ்னரும் ஜாகரும், புள்ளி குறைந்த வருஷங்களில்தான் அமெரிக்காவை ஹரிக்கேன் புயல்கள் அதிகம் தாக்குகின்றன என்று எழுதினார்கள். புற ஊதாக் கதிர் கூடினால் மேல்வளி சூடாகும், புயலின் வலு குறையும் என்று ஒரு படியும் கட்டிப் பார்த்தார்கள். மெல்ட்ரம் சொன்னது என்ன? புள்ளி அதிகமானால் புயல் அதிகம்! கடல் வேறு, காலம் வேறு என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு என்னமோ வாக்கரின் 1914 கட்டுரைதான் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தூத்துக்குடியே மிதந்தபோது, சூரியப் புயல்தான் காரணம் என்று என் போனுக்கும் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, சூரியனைக் கைவிட்ட வாக்கர் வெறுங்கையோடு போனாரா? இல்லை. இமயமலைப் பனி, மொரீஷியஸ் காற்றழுத்தம், தென்னமெரிக்கக் காற்றழுத்தம், சான்சிபார் மழை என்று நாலைச் சேர்த்துப் பருவமழைக்கு ஒரு சூத்திரம் செய்தார். எங்கே சிம்லா, எங்கே தென்னமெரிக்கா! ஆனால் அங்கேதான் அவருக்குப் புதையல் கிடைத்தது. கிணற்று ஏற்றம் பார்த்திருப்பீர்கள், ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். அதே மாதிரி பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது, சில வருஷம் கழித்து மாறிக்கொள்கிறது. இந்த ஏற்றத்தின் சாயலைச் சிலர் முன்பே கண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் லாக்யரும் அவர் மகனும் உண்டு. புள்ளியைத் துரத்திப் போனபோது காலில் இடறியது அவர்களுக்கு! வாக்கர் அதைக் கணக்கால் உறுதி செய்து, 1924-ல் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார்.

அந்த வருஷமே சர் பட்டம், அந்த வருஷமே ஓய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து வருஷம் வானிலைப் பேராசிரியர். உலக வானிலை என்ற தலைப்பில் 1937 வரை கட்டுரைகள் எழுதினார். குறைகளும் உண்டு, மறைப்பானேன். அவருடைய சூத்திரத்துக் காரணிகளில் பல, வருஷம் போகப் போக வலுவிழந்தன. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த மனிதருக்கே இந்தக் கதி. தெற்கு அலைவு ஏன் நடக்கிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. சேர்ந்து வருகிறது, காரணம் தெரியவில்லை என்று நேர்மையாக நின்றுகொண்டார். அவர் 1958 நவம்பர் 4-ல் 90 வயதில் காலமானபோது, அவருடைய சக விஞ்ஞானிகளே அந்த வேலை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்கிற தொனியில்தான் இரங்கல் எழுதினார்கள்.

இதில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் சாகும்போதே பதில் கடலில் மிதந்துகொண்டிருந்தது. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. நிறைய நாடுகள் சேர்ந்து கடலையும் காற்றையும் அளந்தன. அதே நேரம் பசிபிக்கில் ஒரு எல் நினோ. யாக்கோப் பியர்க்னஸ் என்ற நார்வேக்காரர் அந்த அளவுகளைப் பார்த்து 1969-ல் படிக்கட்டைக் கட்டி முடித்தார். வணிகக் காற்று வெந்நீரை மேற்கே இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே காற்று சூடேறி மேலே எழுந்து, கிழக்கே தென்னமெரிக்கக் கரையில் இறங்குகிறது. வணிகக் காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே நகர்கிறது, ஏற்றம் மறுபக்கம் சாய்கிறது. கடலும் காற்றும் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. அந்தக் காற்றுச் சுற்றுக்கு வாக்கர் சுற்று என்று பெயர் வைத்தார் பியர்க்னஸ். சேர்ந்து வருவது மட்டும் தெரிந்திருந்த விஷயத்துக்கு 45 வருஷம் கழித்துக் காரணம் கிடைத்தது.

காரணம் கிடைத்த பிறகும் மழை முழுசாகக் கையில் வரவில்லை. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறைவது வழக்கம், 1997-ல் பெரிய எல் நினோ வந்தும் நாட்டில் மழை சராசரியாகவே பெய்தது. நமக்கு இன்னும் குழப்பம். நம்ம மழை வடகிழக்குப் பருவம். எல் நினோ வருஷங்களில் அது கூடும் பக்கம் சாய்கிறது. 2015 அப்படி, சென்னையே மூழ்கியது. எதிர்ப்பக்கமான லா நினாவில் குறைய வேண்டும். ஆனால் 2021 லா நினாவில் கண்மாய் மறுகால் பாய்ந்ததை நாமே பார்த்தோம்.

போன பொங்கல் லீவில் தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்தேன். வேம்பு நன்றாகப் பூத்தும் மழை ஏமாற்றிய வருஷம் எத்தனை என்று கேட்டேன். அவர் முறைத்தார். அப்பத்தாதான் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த வருஷம் யாருக்குக் காது குத்து தள்ளிப்போனது, எந்த வருஷம் காளையை விற்றது என்று அவளுக்கு அடையாளம். 6 வருஷம் தேறியது. பூக்காமல் பெய்த வருஷம் 4. ஞாபகத்தில் இருந்து எடுத்த கணக்குதான், இன்னும் விட்டுப் போயிருக்கும். தும்பி தாழப் பறப்பது, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது, எறும்பு முட்டை தூக்குவது என்று தாத்தாவிடம் வேறு அடையாளங்களும் ஒரு டஜன் உண்டு. பலித்ததற்கு மட்டும்தான் கோடு. ஒருவேளை முந்தின மார்கழி ஈரத்தால்தான் வேம்பு பூக்கிறதோ, அப்படியானால் அது வந்த மழையைச் சொல்கிறது, வரும் மழையை அல்ல என்று நான் இழுத்தேன். தாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கரித்துண்டை எடுத்து வந்து, சுவரில் நாலு கட்டம் கிழித்தார். பூத்தது பெய்தது, பூத்தது பெய்யவில்லை, பூக்காமல் பெய்தது, பூக்கவுமில்லை பெய்யவுமில்லை.

இந்தப் பங்குனியில் மரம் நிறையப் பூத்திருக்கிறது. கோட்டை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது கார்த்திகைக்குப் பிறகுதான். அதுவரை கரித்துண்டு மாடக்குழியில் இருக்கிறது. விதைக்கடைக்கு இன்னும் யாரும் போகவில்லை.